பத்தாம் வகுப்போடு முடிய வேண்டிய தாளம்

பள்ளி பேண்ட் என்றதும் தமிழ்நாட்டில் சுதந்திர தினக் கொடியேற்றமும், சைட் டிரம்மும், பிகிளும், வெள்ளைக் கையுறையும் நினைவுக்கு வரும். புனேயிலும் அந்த பேண்ட் உண்டு. ஆனால் இங்கே ஒரு பள்ளிப் பிள்ளை “நான் வாசிக்கிறேன்” என்றால், பெரும்பாலும் அது டோல், தாஷா, ஜாஞ்ச் என்னும் கைத்தாளம் மூன்றும் சேர்ந்த பதக் என்னும் வாத்தியக் குழுவைத்தான் குறிக்கும். அந்தப் பிள்ளையின் கடைசி வாசிப்புக்கு ஆண்டு விழா மேடை கிடையாது. அனந்த சதுர்த்தசியன்று, பிள்ளையார் விசர்ஜன ஊர்வலத்தில், லட்சுமி சாலையின் இரு பக்கமும் ஜனம் நெருக்கிக்கொண்டு நிற்க, அது தெருவில் முடியும். விழா ஆகஸ்டு, செப்டம்பரில் வருகிறது. மகாராஷ்டிரத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஆகவே பத்தாம் வகுப்பில் வாசிக்கும் ஊர்வலமே பள்ளிக் குழுவோடு கடைசி. தேர்வுப் பயத்தில் வீட்டார் தடுத்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பே கடைசி. இந்த வாத்தியங்களைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் எங்களைப் போன்றவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு புலம்பல் கேட்கும்: கை பதமாகி வரும் நேரத்தில் பையன் போய்விடுகிறான், பெண் போய்விடுகிறாள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தப் புலம்பல் தவறு என்பது என் கட்சி. பள்ளிக் குழுவுக்கு இருக்கும் பெரிய பலமே அந்தக் கட்டாய முடிவுதான். அதை எடுத்துவிட்டதால் வந்த வினைகளை புனே இன்று தெருவிலும் நீதிமன்றத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த வாத்தியம் பள்ளிக்குள் வந்த வழியைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1890-களில் பாவுசாகேப் ரங்காரி, திலகர் போன்றவர்களால் பிள்ளையார் விழா வீட்டுப் பூஜையிலிருந்து வீதிக்கு வந்தது. டோலும் தாஷாவும் முள்ஷி, மாவள் பக்கத்துக் கிராமங்களின் வாத்தியங்கள். ஊர்த் திருவிழாக்களில் அவற்றை வாசித்துவந்த குழுக்களை நகரத்து விழா மண்டலிகள் ஊர்வலத்துக்குக் கூலி பேசி அழைத்துவந்தன. 1962-இல் ஞான பிரபோதினி என்னும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய அப்பாசாகேப் பெண்ட்சே, அந்தப் பத்தாண்டிலேயே டோல்-தாஷாவைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். நகரத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் தெருவில் இறங்கி டோல் அடிப்பது அன்று சாதாரணக் காரியமாக இருந்திருக்காது. பின்னர் பெண் பிள்ளைகளையும் டோல் தூக்கவைத்ததில் அந்த நிறுவனத்துக்கு முன்னோடிப் பங்கு உண்டு. ரமண்பாக் நியூ இங்கிலீஷ் பள்ளி, நூதன் மராத்தி வித்யாலயா, விமலாபாய் கர்வாரே பள்ளி என்று வேறு பள்ளிகளின் பெயரிலும் குழுக்கள் எழுந்தன. இவர்கள் யாரும் வாத்திய வித்வான்களை உருவாக்கப் புறப்பட்டவர்கள் இல்லை. கூட்டாக உழைப்பது, வரிசை காப்பது, அடக்கத்தோடு வீதியில் நடப்பது ஆகியவற்றைக் கற்றுத்தரும் ஒரு பாடமாகவே டோல் உள்ளே வந்தது. பாடம் என்றால் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சில பள்ளிக் குழுக்களில் இளைஞர் பிரிவும் சேர்ந்தே வாசிக்கும் என்றாலும், பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் பள்ளிச் சான்றிதழே எல்லைக்கோடு போட்டுவிட்டது.

வாத்தியங்களின் இயல்பும் இதோடு பொருந்துகிறது. டோல் இடுப்பில் கட்டித் தொங்கவிடும் பெரிய பீப்பாய் முழவு. ஒரு முகத்தில் டிபரு என்னும் குச்சி விழும். மறு முகத்தில் உள்ளங்கை விழும். அடியின் இடத்தையும் எடையையும் சில வாரங்களில் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். பாரத்தைத் தாங்கும் முதுகும், கயிறு இழுத்துச் சுதி ஏற்றும் பக்குவமும், கொப்புளம் காய்ந்து தடித்த விரலும் வர ஒரு பருவம் போதும். தாஷாவின் கதை வேறு. கழுத்திலிருந்து வயிற்றளவில் தொங்கும் கிண்ணம் போன்ற சின்ன வாத்தியம் அது. இரண்டு மெல்லிய குச்சிகளால் பொரிவதுபோல் அடிக்க வேண்டும். மொத்தக் குழுவின் காலமும் அதன் கையில் இருக்கிறது: எப்போது ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த அடியிலிருந்து எந்த அடிக்குத் தாவ வேண்டும் என்பதையெல்லாம் தாஷாதான் சொல்லும். வாசிப்பு வகைகளை இங்கே ‘ஹாத்’ என்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டே பழகுகிறார்கள். தாஷாக்காரர் விரலைக் காட்டினால் பின்வரிசை அடுத்த ஹாத்துக்குத் தயாராகிவிடும். நல்ல தாஷாக் கை உருவாக மூன்று நான்கு பருவங்கள் ஆகும். ஏழாம் வகுப்பில் குச்சி பிடித்த பிள்ளை பத்தாம் வகுப்பில்தான் குழுவை நடத்தும் நிலைக்கு வரும், வந்ததும் வெளியேறிவிடும். இழப்பு உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த இழப்பு குழுவுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு இருக்கப் போவதில்லை என்று தெரிந்த தாஷாக்காரர், தனக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்காத அடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த ஆண்டு செத்துப்போகும். விளங்கும் அடியே நிற்கும். இப்படி வடிகட்டி வடிகட்டித்தான் பள்ளிக் குழுக்களின் ஹாத்துகள் எண்ணிடத் தக்க தெளிவைப் பெற்றிருக்கின்றன. பயிற்றுநருக்கும் இதுவே கடிவாளம். ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை வைத்து ஐந்தாண்டு ஓட்டிவிடலாம் என்ற சோம்பல் அவருக்குக் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு ஜூனிலும் முதல் ஹாத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். மூன்றாவது பயன் குழுவின் அளவு. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வெளியேறி ஒரு வகுப்பு உள்ளே வந்தால் எண்ணிக்கை தானாகவே ஒரு வரம்புக்குள் நிற்கும். கூட்டம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று யாரும் சட்டம் போட வேண்டியதில்லை.

வெளியேறியவர்கள் நிரந்தரமாக வெளியேற மறுத்தபோது கதை மாறியது. பள்ளியை விட்டவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் சொந்தமாகக் குழுக்கள் தொடங்கினார்கள். அங்கே வெளியேறும் வயது இல்லை. கல்லூரி மாணவர், மென்பொருள் ஊழியர், திரைப்பட நடிகர் எல்லாருக்கும் இடம் உண்டு. மழைக்காலம் தொடங்கினால் முட்டா ஆற்றங்கரையிலும் பாலங்களின் அடியிலும் மாலைதோறும் பயிற்சி அதிரும். ஒரே குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட டோல்கள் நிற்பது இன்று அதிசயமில்லை. எண்ணிக்கை ஏறினால் இசை வளரும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். வரிசைக்கு ஆறு பேர், வரிசைகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 டோல் சுமார் 10 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும். முன்னால் விழும் தாஷா அடி கடைசி வரிசையை எட்ட 0.03 நொடி ஆகும். காது அதை ஒரே அடியாக ஏற்றுக்கொள்ளும். 120 டோல் என்றால் நீளம் 40 மீட்டர், தாமதம் 0.12 நொடி. தாஷா வேகமெடுத்து நொடிக்கு எட்டு அடி பொரியும்போது, கடைசி வரிசை முழுதாக ஓர் அடி பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். தாஷாவை நடுவில் நிறுத்தினால் தாமதம் பாதியாகும். சைகையும் கொஞ்சம் கைகொடுக்கும். அதற்கு மேல் ஒரே வழிதான் உண்டு: அடியை எளிமையாக்கி, இடைவெளியைப் பெரிதாக்குவது. ஆகவே குழு பெருக்கப் பெருக்க வாசிப்பு நுணுக்கம் இழந்து இடியாகிறது. அந்த இடியும் எண்ணிக்கைக்கு ஏற்ற இடி இல்லை. டோல்கள் நான்கு மடங்கானால் ஒலி அளவு ஏறுவது 6 டெசிபெல். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். நான்கு மடங்கு ஆளைச் சேர்த்து, இருமடங்கு ஓசைகூட இல்லாமல், கைச்சுத்தத்தைப் பறிகொடுக்கும் வியாபாரம் இது.

வீதியிலும் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மகாத்மா புலே மண்டயி சந்தைக்கு அருகே காலையில் தொடங்கி லட்சுமி சாலை வழியே அல்கா டாக்கீஸ் சதுக்கம் வரை போகும் முதன்மை ஊர்வலப் பாதை நீளமானதல்ல. சாதாரண நாளில் பொடிநடையாகவே போய்விடலாம். ஆனால் 2023-லும் 2024-லும் ஊர்வலம் 28 மணி நேரத்தைத் தாண்டியது. 2025-இல் 32 மணி நேரத்தையும் தாண்டியது. சதுக்கத்துக்குச் சதுக்கம் நின்று வாசிப்பதும், ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் இடைவெளியும் இதற்கு முக்கியக் காரணங்கள். முன்பு புனே பொறியியல் கல்லூரியாக இருந்த சிஓஇபி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஆண்டுதோறும் லட்சுமி சாலையில் எடுக்கும் ஒலி அளவீடுகள், பெருந்தொற்று ஆண்டுகள் நீங்கலாக, சராசரியில் 90 டெசிபெலுக்குக் கீழே இறங்குவது அரிது. 100-ஐத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. இதில் ஒலிபெருக்கிகளின் பங்கு பெரிது. பழியை டோலின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இருந்தாலும் தொழில்சார் செவிப் பாதுகாப்புக்காக அமெரிக்க நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம். தாஷாவை வயிற்றோடு அணைத்து நிற்கும் பிள்ளையின் காது சாலையோரக் கருவியைவிட வாத்தியத்துக்கு வெகு அருகில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

2024 ஆகஸ்டு 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஒரு குழுவில் டோல், தாஷா, ஜாஞ்ச் எல்லாம் சேர்ந்து 30 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவிட்டது. செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. டோல்-தாஷா புனேயின் இதயத்தோடு சேர்ந்தது என்ற கருத்தும் அமர்விலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. எல்லாக் குழுவுக்கும் ஒரே எண்ணை வெளியிலிருந்து கட்டுவது முரட்டு வேலை. 30 பேர் கொண்ட மோசமான குழுவும் இருக்கலாம். ஆனால் ஒரு கலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதைத் தீர்ப்பாயம் எண்ணிச் சொல்லும் நிலை ஏன் வந்தது? கலைக்குள்ளேயே இருந்த வரம்பு தளர்ந்ததால்தான். பள்ளிக் குழுவில் அந்த வரம்பைப் பத்தாம் வகுப்பு சத்தமில்லாமல் காத்துவந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது கனமானது. படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்குத் தாஷாதான் மரியாதை தந்தது. அதையும் பதினைந்து வயதில் பிடுங்கிக்கொள்வது கொடுமை என்கிறார்கள். பிடுங்குவது கொடுமைதான். ஆனால் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை எதற்காக வந்தது என்று கேட்க வேண்டும். தாஷாக்காரரைப் பார்த்து அறுபது கை அசைகிறது; அவர் பிசகினால் அறுபது கையும் பிசகும். அந்தப் பொறுப்பை ஏற்று நிறைவேற்றியவர் என்பதே மரியாதையின் உள்ளடக்கம். அது வாத்தியத்தைக் கழற்றி வைத்த பிறகும் கூடவே வரும். அதே பிள்ளை இருபத்தெட்டு வயதிலும் அதே ஹாத்துகளை அதே பள்ளியின் பெயரில் வாசித்துக்கொண்டிருந்தால், பொறுப்பு பழக்கமாகத் தேய்ந்திருக்கும். அவருக்குப் பின்னால் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த மரியாதையை ருசிக்கவே மாட்டாள். ஒருவருக்கு முடிவில்லாமல் கொடுப்பது பலருக்குத் தொடக்கமே இல்லாமல் செய்வதாகும்.

இரண்டாவது, தரம் பற்றிய வாதம். தோற்கருவிக்கு ஆயுள் முழுக்கத் தவம் வேண்டாமா, தவில் வித்வான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி நாலாண்டில் உருவானாரா என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தவிலில் தனி ஒருவரின் கற்பனை நின்று பேசுகிறது. தனி ஆவர்த்தனத்துக்கு இடம் இருக்கிறது. குருகுலத்தில் தொடங்கிச் சாகும்வரை அது வளரும். அப்படிப்பட்ட தாஷா வித்வான்கள் வேண்டும் என்று யாருக்கேனும் தோன்றினால், அதற்குத் தனிப் பள்ளியும் மேடையும் அமைப்பது நல்ல காரியம். பதக்கின் அழகு வேறு: பல கைகள் ஓர் அடியாக விழுவதில் அது இருக்கிறது. அந்த வகை வாசிப்புக்கு வயது வரம்பு கெடுதல் செய்யாது என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது. 1972-இலிருந்து சாம்பியன்ஷிப் நடத்திவரும் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டிகளின் முதன்மைப் பிரிவில், வயது வரம்பைத் தாண்டியவர் எவ்வளவு பெரிய கலைஞரானாலும் வரிசையில் நிற்க முடியாது. இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் காலம் முடிந்துவிடுகிறது. உலகில் அணிவகுப்புத் தாள வாசிப்பின் உச்சங்களில் ஒன்றாக அதையே சொல்கிறார்கள். போனவர்கள் பயிற்றுநர்களாகவும் அடி அமைப்பவர்களாகவும் திரும்பி வருகிறார்கள். வரிசைக்குள் மட்டும் வருவதில்லை.

மூன்றாவது, பெரியவர்களின் குழுக்கள் செய்த நன்மை. வேலைக்குப் போகும் பெண்கள் அந்தி சாய்ந்தபின் ஆற்றங்கரையில் டோல் பழக முடிந்தது அக்குழுக்களால்தான்; கிடைத்த பணத்தைச் சமூகப் பணிக்குக் கொடுத்த குழுக்களும் உண்டு. இதை மறுக்கவில்லை. பெரியவர்கள் வாசிக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். பள்ளிக் குழுவின் முடிவைத் தாங்கள் தாண்டிவிட்டதாலேயே அந்த முடிவு தேவையற்றது என்று அவர்கள் பள்ளிகளுக்குக் காட்டிவிடக் கூடாது என்பதே. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து, “அடுத்த வருஷம் எங்க பதக்குக்கு வந்துடு” என்று கூப்பிட ஆள் தயாராக இருக்கிறது. அதனால் கடைசி ஊர்வலத்தைக் கடைசியாக எண்ணி வாசிக்கவும், அடுத்தவரிடம் குச்சியைக் கொடுக்கவும் அந்தப் பிள்ளைக்கு அவசியம் இல்லாமல் போகிறது. நடுவே ஓரிரு ஆண்டு வாசிக்காமல் இருந்துவிட்டுப் பெரியவர்கள் குழுவில் சேரட்டும். அப்போது பழக்கத்தின் இழுப்பில் அல்லாமல், யோசித்துச் சேர்வார்கள்.

நான்காவது வாதத்தைப் பலரும் சொல்வதில்லை. தமிழர்கள் நாம் சொல்லியாக வேண்டும். நிறுத்திக்கொள்ள முடிவதே ஒரு சலுகை. கிராமத்திலிருந்து கூலிக்கு வந்து டோல் வாசித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு எல்லைக்கோடு கிடையாது. அடுத்த வேளைச் சோறு அதில் இருந்தது. ஹல்கி என்னும் தோற்கருவியை அடித்த மாதங் சமூகத்தாருக்கு வாத்தியமே சாதியின் முத்திரையாக இருந்தது. தமிழ்நாட்டில் பறை அடிக்க மறுத்துப் போராடியவர்கள், பறையை எரித்தவர்கள், கேட்டது நிறுத்தும் உரிமையைத்தான். பின்னால் திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவை பறையைச் சுயமரியாதையின் ஓசையாக மீட்டெடுத்தபோது, விரும்பி எடுப்பதும் விரும்பி வைப்பதும் ஒருசேரக் கிடைத்தன. இந்த வரலாறு என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றும். எனக்கோ அது வலுச்சேர்ப்பதாகப் படுகிறது. வாத்தியத்தைக் கீழே வைக்க முடிகிறவரே அதைச் சுதந்திரமாக எடுத்தவர் என்றால், பள்ளிப் பிள்ளைக்கு அந்த அனுபவத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். கூடவே, பள்ளிப் பிள்ளைகளும் இலவசமாக வாசிக்கும் பெரியவர்களும் நகரத்து ஊர்வலத்தை நிரப்பிக்கொண்டதில் கிராமத்துக் கலைஞர்களின் பிழைப்பு சுருங்கியது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய அடிகளை அறிந்த அந்தக் கைகளைப் பயிற்றுநர்களாக அழைத்துச் சம்பளம் கொடுப்பது பள்ளிகள் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம்.

அப்படியானால் கடைசி ஊர்வலம் எப்படி இருக்க வேண்டும்? விடைபெறும் பிள்ளையை முன்னால் நிறுத்தித் தனியாக வாசிக்கவைத்துப் படம் பிடிப்பது இப்போது பரவிவரும் வழக்கம். அது அந்த நாளின் பொருளைத் தலைகீழாக்குகிறது. பாதையின் முதல் பாதியைப் பத்தாம் வகுப்பு தாஷா நடத்தட்டும். இரண்டாம் பாதியை ஒன்பதாம் வகுப்பு தாஷா நடத்த, போகிறவர் பின்வரிசையில் டோல் கட்டி, புதியவரின் சைகைக்குக் கட்டுப்பட்டு வாசிக்கட்டும். ஏற்றம் சீராக வருகிறதா, தாவல் கேட்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும்; பயிற்றுநர் நிற்க வேண்டிய இடமும் கடைசி வரிசைக்குப் பக்கம்தான். அங்கே அடி பிசகினால் குழு பெருத்துவிட்டது என்று அறிந்து அடுத்த ஜூனில் ஆளைக் குறைக்க வேண்டும். காதடைப்பான் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வரிசையில் நிற்கக் கூடாது. பள்ளியை விட்டுப் போனவர்கள் தண்ணீர் கொடுக்க, கயிறு பிடிக்க, சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்திலிருந்து காக்க வரலாம். டோல் மட்டும் கட்டக் கூடாது. இவை எதற்கும் பணமோ அனுமதியோ தேவையில்லை, பயிற்றுநரின் மனத்திடம் போதும். நல்ல தாஷாக்காரர் போய்விட்டாரே என்று ஒரு பயிற்றுநர் செப்டம்பரில் வருத்தப்பட்டால், அவர் ஜூலையில் ஏதோ வேலையை மிச்சம் வைத்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.